எழுத்தில் இல்லாத தொழில்



அதிகாலையில் தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையை அடுத்த சந்துகளில் நடந்தால், இட்லி வேகும் மணம் நம்மை எதிர்கொள்ளும். பொழுது நன்றாகப் புலருமுன்னே அந்த இட்லிகள் பெரிய பாத்திரங்களில் ஏறி, சயான், மாட்டுங்கா, தாதர் என்று நகரத்தின் பல பகுதிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். சிறிது நேரத்தில் தோல் வெட்டும் கத்தியும், தையல் இயந்திரமும், முறுக்கு அச்சும் இயங்கத் தொடங்கும். இரவு வெகுநேரம் வரை அவை ஓய்வதில்லை. நம்முடைய ஜனங்கள் உழைக்கத் தெரியாதவர்கள் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

அப்படியிருக்க, ஒரு கேள்வியை நாம் கேட்டுத்தான் ஆகவேண்டும். தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, நூறு சதுர அடிக் கோலியில் இரண்டு தையல் இயந்திரங்களோடு தொடங்கிய தொழில், மகனுடைய காலத்திலும் அதே கோலியில் மூன்று இயந்திரங்களோடு நிற்பது ஏன்? முப்பது ஆண்டு உழைப்பு ஒரேயொரு இயந்திரத்தைத்தான் சேர்த்ததா?

"முதல் இல்லை" என்பார் ஒருவர். "போட்டி பெருத்துவிட்டது" என்பார் மற்றொருவர். "இன்னும் ஊக்கமாய் ஜெபிக்கவேண்டும்" என்று நம்மில் சிலர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவர். இவற்றில் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் இவையெல்லாவற்றுக்கும் பின்னால் பெரிய தடையொன்று நிற்கிறது. நம்முடைய தொழில் எழுத்தில் இல்லை. நாம் தொழில் செய்யும் இடம் எழுத்தில் இல்லை. நம் வரவுசெலவு எழுத்தில் இல்லை. நாம் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையும் எழுத்தில் இல்லை. எழுத்தில் இல்லாத தொழில், நம்மை நேரில் அறிந்தவர்களின் எல்லைக்குள்ளேதான் வாழ முடியும். அறியாதவர் அதற்குக் கடன் கொடுக்கமாட்டார். அறியாதவர் அதனிடம் பெருங்கொள்முதல் செய்யமாட்டார். எனவே அது பிழைத்திருக்கும், பெருகாது.

இது தாராவிக்கு மட்டும் உரிய குறையன்று. ஷியே, கிளெனோ என்னும் இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதை அளந்து காட்டியது. அமெரிக்காவில் நாற்பது வயதான ஒரு தொழிற்சாலையில், புதிதாய்த் தொடங்கிய தொழிற்சாலையில் இருப்பவர்களைப்போல் ஏழு மடங்குக்கும் அதிகமானவர்கள் வேலை செய்கிறார்கள். இந்தியாவிலோ நாற்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்த தொழிற்சாலையும் ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் வளர்ந்திருக்கிறது. அங்கே தொழிலுக்கு வயது ஏற ஏற உருவமும் வளருகிறது. இங்கே வயது மட்டும் ஏறுகிறது. இதற்குக் காரணமான மூன்று தடைகளை இம்மாதம் சிந்திப்போம்.

முதலாவது தடை: எழுத்தில் இல்லாத இடம்

பெரு நாட்டைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் எர்னாண்டோ தெ சோட்டோ ஒரு சோதனை செய்தார். லிமா நகரின் எல்லைப்புறத்தில் ஒரேயொரு தொழிலாளியைக் கொண்ட சிறிய ஆடைத் தையலகத்தைச் சட்டப்படி பதிவுசெய்ய எவ்வளவு காலம் ஆகும் என்று பார்க்கத் தம்முடைய குழுவினரை அனுப்பினார். அவர்கள் அலுவலகம் அலுவலகமாய் ஏறி இறங்கியதில் 289 நாட்கள் கழிந்தன. செலவு 1,231 டாலர். அது அந்நாட்டின் குறைந்தபட்ச மாதக்கூலியைப்போல் முப்பத்தொரு மடங்கு. ஏழைகளிடம் சொத்து இல்லை என்பதல்ல, அவர்களுடைய சொத்துக்கு எழுத்து இல்லாததால் அது முதலாக மாறுவதில்லை என்பதே 2000-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலின் சாரம். அவர் அதைச் செத்த முதல் என்றார்.

இந்தச் சொல் நமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். ஏறக்குறைய 600 ஏக்கர் பரப்புள்ள தாராவியின் நிலத்தில் பெரும்பகுதி மும்பை மாநகராட்சிக்கு உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தமிழ்நாட்டின் தோல் தொழிலாளரும், குஜராத்தின் குயவரும், பின்னர் இன்னும் பலரும் வந்து, சதுப்பு நிலத்தைத் தங்கள் கையால் மேடாக்கித் தொழில் அமைத்தார்கள். 1976-ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்புக்குப் பின் பலருக்குப் போட்டோ பாஸ் கிடைத்தது. அது அவர் அங்கே இருந்தார் என்பதற்குச் சான்று. நிலம் அவருடையது என்பதற்குச் சான்றன்று. அதன்பின் கோலிகள் கைமாறியதெல்லாம் பெரும்பாலும் முத்திரைத்தாளில் எழுதிய உடன்படிக்கைகளாலேயே.

லட்சக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கிய கோலியை வங்கி மேலாளர் அடமானமாக ஏற்பதில்லை. மாட்டுங்காவில் முறையான வாடகை ஒப்பந்தமும் உரிமமும் உள்ள கடைக்காரருக்கும், நடக்கும் தூரத்தில் தாராவியில் அதே சரக்கைச் செய்பவருக்கும் திறமையில் வேறுபாடு இல்லாதிருக்கலாம். ஒருவர் வங்கியின் வாசலில் நுழைகிறார். மற்றவர் தண்டல்காரரின் வாசலுக்குப் போகிறார்.

அந்த வாசலில் நடப்பதை ஒருமுறை காகிதத்தில் கணக்கிட்டுப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய்க் கடன். ஆயிரம் ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் தருகிறார்கள். நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்டவேண்டும். "நூற்றுக்குப் பத்துதானே" என்று நமக்குத் தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறோம் அல்லவா? நூறு நாளையும் சராசரியாய்ப் பார்த்தால், உண்மையில் நம் கையில் இருந்த பணம் ஏறக்குறைய நாலாயிரத்து ஐந்நூறுதான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது எழுபத்தைந்து சதவீதத்துக்கும் மேல். எந்தத் தையலகம், எந்த இட்லிக் கடை ஆண்டுக்கு எழுபத்தைந்து சதவீதம் நிகர லாபம் தருகிறது? லாபம் முழுவதும் வட்டிக்குப் போனபின், புதிய இயந்திரம் வாங்க எது மிஞ்சும்?

இரண்டாவது தடை: எழுத்தில் இல்லாத கணக்கு

இடத்துக்குப் பட்டா பெறுவது நம் கையில் இல்லை. கணக்கு எழுதுவதோ நம் கையிலேயே இருக்கிறது. ஆயினும் நம்மில் அநேகர் விற்றுமுதலையும் லாபத்தையும் வீட்டுச் செலவையும் ஒரே சட்டைப்பையில் வைத்திருக்கிறோம். பை நிறைந்திருந்தால் வியாபாரம் நன்றாய் நடக்கிறது என்றும், காலியானால் கர்த்தர் சோதிக்கிறார் என்றும் எண்ணிக்கொள்கிறோம்.

கணக்கு எழுத மறுப்பதற்கு நியாயமான ஓர் அச்சம் உண்டு. எழுதினால் அதிகாரி வருவார், வரி வரும் என்பதே அது. அந்த அச்சத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். நம் நாட்டுச் சட்டங்களே நெடுங்காலம் "சிறியவனாகவே இரு" என்று சிறுதொழிலுக்குச் சொல்லி வந்திருக்கின்றன. 1967-ஆம் ஆண்டு முதல் சில பொருள்களைச் சிறுதொழில்கள் மட்டுமே செய்யலாம் என்று அரசு ஒதுக்கிவைத்தது. பின்னர் அந்தப் பட்டியல் எண்ணூறுக்கும் மேற்பட்ட பொருள்களாக நீண்டது. சிறியோரைக் காப்பதே அதன் நோக்கம். ஆனால் வளர்ந்தால் அந்தச் சலுகை போய்விடும் என்பதால், வளராமலிருப்பதே லாபமாயிற்று. ஊறுகாய், தீப்பெட்டி முதலிய கடைசி இருபது பொருள்கள் 2015-ஆம் ஆண்டில்தான் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இன்றும் பத்துப் பேர், இருபது பேர் என்று வேலையாட்களின் எண்ணிக்கை ஏறும்போது காப்பீடு, வருங்கால வைப்புநிதி என ஒவ்வொன்றாய்க் கடமைகள் வந்து சேருகின்றன. அவை தொழிலாளியின் பாதுகாப்புக்காக வந்தவை, வேண்டியவையே. ஆனால் ஒன்பது பேரோடு நிற்கும் முதலாளி பத்தாவது ஆளைச் சேர்க்கத் தயங்குவதன் காரணமும் அதுவே.

2017 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியிலும் இந்தச் சிக்கல் உண்டு. மகாராஷ்டிரத்தில் சரக்கு விற்போருக்கு ஆண்டு விற்றுமுதல் நாற்பது லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. இது நமக்குச் சலுகையாகத் தோன்றும். ஆனால் பெரிய நிறுவனம் நம்மிடம் தோல்பை வாங்கினால், பதிவுபெற்ற பில் இல்லாமல் அது தன் வரியில் கழிவு பெற முடியாது. ஆகவே அது பதிவு பெற்ற இடைத்தரகரிடம் வாங்குகிறது. அந்த இடைத்தரகர் நம்மிடம் வாங்குகிறார். பையைத் தைத்தது நாம், பெயர் அவருடையது, விலையை வைப்பவரும் அவரே. சலுகையின் நிழலில் இருக்கிறோம் என்று நினைக்கிறோம். அந்த நிழலுக்கும் வாடகை கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

கணக்கில்லாதவன் இழப்பது இடுக்கண் காலத்தில்தான் வெளிப்படும். 2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது, சிறுதொழில்களுக்காக மூன்று லட்சம் கோடி ரூபாய் அளவுக்கு அரசு உத்தரவாதத்தோடு அவசரக் கடன் அறிவிக்கப்பட்டது. அது எப்படிக் கொடுக்கப்பட்டது தெரியுமா? அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் வங்கியில் எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ, அதில் இருபது சதவீதம். வங்கியில் கடன் இல்லாதவருக்கு எதில் இருபது சதவீதம்? தண்டல்காரரிடம் கடன் பட்டு, கோலியைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆகவே உதவி அவர்களைத் தேடி வரவில்லை.

எழுத்தில் இருப்பவருக்குச் சட்டம் என்ன தருகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டத்தின்படி, பதிவுசெய்த குறு அல்லது சிறு தொழிலில் சரக்கு வாங்கியவர் நாற்பத்தைந்து நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்து உடன்படிக்கை இல்லையென்றால் பதினைந்து நாட்களுக்குள் கொடுக்கவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக. 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இதற்கு மேலும் வலிமை சேர்த்தது. உரிய காலத்தில் பணம் கொடுக்காத கொள்முதல்காரர், கொடுத்து முடிக்கும்வரை அந்தத் தொகையைத் தம்முடைய வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது.

"சேட்டின்மேல் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வருமா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. ஒரே சேட்டை நம்பி இருப்பவர் புகார் கொடுக்கத் துணியமாட்டார். ஆனால் தேதியிட்ட பில்லும், சரக்கு ஒப்படைத்த கையெழுத்தும் கையில் இருப்பவரிடம் பேசும் விதமே வேறாக இருக்கும். புகார் கொடுக்காவிட்டாலும், கொடுக்கக்கூடியவர் என்ற நிலை ஒரு பலமே.

மூன்றாவது தடை: எழுத்தில் இல்லாத நம்பிக்கை

மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் என்னும் ஊர்களில் துணி நெய்யும் ஆலைகள் மிகுதி. நிக்கோலஸ் புளூம் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் அங்குள்ள சில ஆலைகளுக்கு மேலாண்மை ஆலோசகர்களை இலவசமாக அனுப்பி, என்ன நடக்கிறதென்று கவனித்தார்கள். 2013-ஆம் ஆண்டில் அந்த ஆய்வு வெளிவந்தது. ஆலோசகர்கள் சொன்னவை பெரிய வித்தைகளல்ல. நூல் இருப்பைக் குறித்துவை. பழுதை நாள்தோறும் எழுதிவை. தரையைச் சுத்தமாய் வை. இயந்திரத்துக்கு முறைப்படி எண்ணெய் போடு. இவற்றால் முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் பதினேழு சதவீதம் உயர்ந்தது.

அந்த ஆய்வில் என்னை மிகவும் சிந்திக்கவைத்தது மற்றொரு செய்தி. ஒரு நிறுவனம் எவ்வளவு பெரியதாக இருக்கும் என்பதை அதன் திறமையைவிட, முதலாளியின் குடும்பத்தில் எத்தனை ஆண்மக்கள் இருக்கிறார்கள் என்பதே தெளிவாய்க் காட்டியது. மகனும் தம்பியும் இருந்தால் இரண்டாவது ஆலை, மூன்றாவது ஆலை. இல்லையென்றால் ஒன்றோடு நின்றுவிடும். வெளியாளை நம்பிச் சாவியைக் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. வெளியாள் ஏமாற்றினால் நியாயம் கிடைக்க ஆண்டுகள் ஆகும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இது நம் வீட்டுக் கதையும் அல்லவா? மாவு அரைப்பதும், இட்லி ஊற்றுவதும், சில்லறைக் கணக்கை மனதில் வைத்திருப்பதும் மனைவி. கடையும் கைப்பேசி எண்ணும் வங்கிக் கணக்கும் கணவர் பெயரில். மகள் வணிகவியல் படித்திருந்தாலும் அவள் கையில் ஏட்டைக் கொடுக்கமாட்டோம்; "நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்" என்போம். கணவர் நோயில் விழுந்தால் தொழிலும் அவரோடு படுத்துக்கொள்ளுகிறது. வீட்டுக்குள்ளேயே பாதி ஆட்களை நம்பாத தொழில், வெளியே எப்படிப் பெருகும்?

எழுத்து நம்பிக்கையைக் குறைப்பதில்லை, விரிவாக்குகிறது. இதற்கு நம் தென் மாவட்டங்களிலேயே சான்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் தங்கள் பேட்டைகளில் வந்திறங்கும் சரக்குக்கு மகமை என்று ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்குச் செலுத்தினார்கள். அந்த நிதியிலிருந்து பள்ளிகள் எழுந்தன. விருதுநகரில் தொடங்கப்பட்ட க்ஷத்திரிய வித்தியாசாலை அவற்றில் ஒன்று. கூட்டாய்ச் சேர்க்கும் அந்தப் பழக்கம் வளர்ந்து, 1921-ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் நாடார் வங்கி உருவாயிற்று. 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. அரசும் ஆங்கிலேய வங்கிகளும் திரும்பிப் பாராத சிறு வணிகர்கள், தங்களுக்கென்று ஒரு வங்கியையே உண்டாக்கிக்கொண்டார்கள். அது ஒரு சாதியின் வேலிக்குள் நடந்தது. அந்த வேலி நமக்கு வேண்டாம். அந்த ஒழுங்கு வேண்டும்.

இதற்கு நேர்மாறானது, எழுத்தில்லாமல் நடத்தும் ஏலச்சீட்டு. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு நடத்தப் பதிவு வேண்டும். "சபைக்காரர்தானே" என்ற ஒரே உத்தரவாதத்தில் பணம் கட்டி, சீட்டுப் பிடித்தவர் ஒருநாள் கோலியைப் பூட்டிவிட்டுப் போய்விட்டால், போவது பணம் மட்டுமல்ல. ஒரே வரிசையில் அமர்ந்து ஆராதித்தவர்கள் முகம் பார்க்காமல் போகிறார்கள். சகோதரர் என்பதால் எழுத்து வேண்டாம் என்று சொல்லாதிருங்கள். சகோதரராகவே நீடிக்கவேண்டும் என்பதற்காகவே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்பொழுது ஏன் இது அவசரம்?

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2004-ஆம் ஆண்டு முதல் பேசப்பட்டு, பலமுறை நின்று, இப்பொழுது செயலுக்கு வந்திருக்கிறது. 2022 நவம்பரில் ஏலத்தை வென்றது அதானி குழுமம். அக்குழுமம் எண்பது சதவீதமும் மாநில அரசு இருபது சதவீதமும் பங்கு வைத்திருக்கும் நிறுவனம் இதை நடத்துகிறது. 2024 மார்ச் மாதம் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன்னிருந்தவர் என்று நிரூபிப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. தகுதிபெறும் கடைக்கும் தொழிலுக்கும் 225 சதுர அடி இலவச இடம். பின்னர் வந்தவருக்கும் மேல்தளத்தில் வசிப்பவருக்கும் தாராவிக்கு வெளியே, வேறு நிபந்தனைகளோடு.

இதன் நன்மை தீமையை ஆராய்வது இப்பகுதியின் நோக்கமன்று. ஆனால் ஒன்று தெளிவு. யார் தாராவியில் தொழிலைத் தொடர்வார், யார் வாடிக்கையாளரையும் தொழிலாளரையும் விட்டுத் தொலைவுக்குப் போவார் என்பதைத் தீர்மானிப்பதில் காகிதத்துக்குப் பெரிய பங்குண்டு. முப்பது ஆண்டு உழைப்பை முன்னால் வைத்தால் அதிகாரி அதை எழுதிக்கொள்ள முடியாது; பழைய மின்கட்டண ரசீதை வைத்தால் எழுதிக்கொள்வார்.

செம்பூரை அடுத்த பகுதியில் வாழும் மூத்தோர் இதை முன்பே பார்த்தவர்கள். 1976-ஆம் ஆண்டில், அவசரநிலைக் காலத்தில், ஜனதா காலனி இடித்து அகற்றப்பட்டு அங்கிருந்தோர் சீட்டா கேம்புக்கு மாற்றப்பட்டனர். அந்தக் குடியேற்றத்தைக் காக்கப் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். பின்னாளில் தேசிய குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பின் தலைவராக அவர் வலியுறுத்திய முறைகளில் முக்கியமானது, மக்கள் தாங்களே தங்கள் வீடுகளை எண்ணி எழுதிக்கொள்வது. அதிகாரி கொண்டுவரும் பட்டியலுக்கு முன் நம்மிடம் ஒரு பட்டியல் இருக்கட்டும் என்பது அதன் பொருள். 2000-ஆம் ஆண்டில் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

வேதாகமத்தை வாசிக்கிற நமக்கு இது புதிதாயிருக்கலாகாது. எருசலேம் முற்றுகையிடப்பட்டு, நகரமே அழியப்போகிறது என்று அறிந்திருந்த நேரத்தில் எரேமியா ஆனதோத்தில் ஒரு நிலத்தை வாங்கினார். பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார், பத்திரம் எழுதினார், முத்திரை போட்டார், சாட்சிகளை வைத்தார். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று என்று இரண்டையும் நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லிப் பாருக்கிடம் ஒப்படைத்தார். விசுவாசம் நிறைந்த அந்தத் தீர்க்கதரிசி பத்திரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளைய தினத்தை நம்பினதினாலேயே பத்திரத்தைப் பத்திரப்படுத்தினார்.

இம்மாதம் செய்யவேண்டியவை

ஒன்று, நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். இன்று வந்தது, இன்று போனது, யார் எவ்வளவு தரவேண்டும் என்ற மூன்றை மட்டும் இரவு படுக்குமுன் எழுதுங்கள். வீட்டுச் செலவுக்கு எடுப்பதையும் சம்பளம் என்று எழுதுங்கள்.

இரண்டு, தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். கைப்பேசி வழியாக வரும் பணம் அந்தக் கணக்கில் விழட்டும். ஓராண்டு வங்கி அறிக்கையே உங்களுக்குச் சாட்சி சொல்லும். 2015-இல் தொடங்கிய முத்ரா கடனுக்குப் பிணை தேவையில்லை. ஐம்பதாயிரம் ரூபாய் வரையிலான சிசு கடனிலிருந்து தொடங்கி, ஒழுங்காய்க் கட்டுவோருக்கு மேல்படிகளும் உண்டு. தெருவில் விற்பவருக்கு 2020-இல் வந்த பி.எம். ஸ்வநிதி கடன் இருக்கிறது. கேட்டவுடன் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மேலாளர் மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

மூன்று, உத்யம் பதிவு செய்யுங்கள். 2020 ஜூலையில் தொடங்கிய இப்பதிவு முற்றிலும் இலவசம். இதற்குத் தரகருக்குப் பணம் கொடுக்காதிருங்கள். வரிப் பதிவு தேவைப்படாத மிகச் சிறிய தொழில்களுக்கு 2023 முதல் உத்யம் உதவித் தளம் என்ற தனி வழியும் உண்டு. குமாஸ்தா லைசென்ஸ் என்று நாம் சொல்லும் கடைப் பதிவுக்குப் பதிலாக, சில வேலையாட்களே உள்ள சிறிய கடைகள் அறிவிப்பு மட்டும் கொடுத்தால் போதும் என்று 2017-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டம் எளிதாக்கியிருக்கிறது. உணவு செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவைப் பெறட்டும். சிறிய அளவில் செய்வோருக்கு அதன் கட்டணம் மிகக் குறைவு.

நான்கு, மனைவியின் உழைப்பு இருக்கும் தொழிலில் மனைவியின் பெயரும் இருக்கட்டும். படித்த மகளிடம் கணக்குப் புத்தகத்தைக் கொடுங்கள்.

ஐந்து, போட்டோ பாஸ், பழைய மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் நகல், வாங்கிய உடன்படிக்கை, குமாஸ்தா லைசென்ஸ் ஆகிய எல்லாவற்றையும் ஒரே உறையில் சேருங்கள். நகல் ஒன்றை வேறொரு இடத்தில் வையுங்கள். மழைநீரும் தீயும் தாராவிக்குப் புதியவை அல்ல.

சபைகளுக்கும் ஒரு வார்த்தை. நம் வாலிபரில் அநேகர் மராத்தியும் ஆங்கிலமும் அறிந்தவர்கள், கணினியில் தேர்ந்தவர்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஒரு மணி நேரம் ஒரு மேசை போட்டு, படிவம் நிரப்பத் தெரியாத மூத்தோரோடு அவர்கள் அமரட்டும். பணம் வசூலிக்கவும் வேண்டாம், சீட்டு நடத்தவும் வேண்டாம். ஒரு விதவைத் தாயின் முறுக்குத் தொழிலுக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தால், அந்த மேசை செய்தது சிறிய ஊழியம் அல்ல.

சட்டங்கள் திருந்தவேண்டும், அலுவலகங்கள் எளிதாகவேண்டும், அதற்காக நாம் குரல் கொடுக்கவேண்டும். அது நடக்கும்வரை காத்திராமல், நம் கையில் உள்ளதை இன்றிரவே தொடங்கலாம். முதல் வரியில் இன்றைய தேதியை எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம். கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.